ஆரோவெர்ஸ் தொடர்கள்: பார்ப்பதற்கும் விமர்சனம் எழுதுவதற்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சி.டபிள்யூ. சேனலில் 2012 முதல் 2023 வரை ஒன்றோடொன்று கதை பின்னி வந்த, டி.சி. காமிக்ஸிலிருந்து எடுத்த சூப்பர்ஹீரோ தொடர்களை மொத்தமாக ஆரோவெர்ஸ் என்பார்கள்; அவற்றைப் பற்றிய கேள்விகள் இவை. வாரா வாரம் பார்த்து, எபிசோடுக்கு எபிசோட் எழுதிய பழக்கம் எனக்கு உண்டு. அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எல்லாம் முடிந்துபோன தொடர்கள் என்பதால் கதைத் திருப்பங்களை ஒளிக்கவில்லை. இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொண்டு, பார்த்த பிறகு திரும்பி வாருங்கள்.

ஆரோவெர்ஸ் என்கிறார்களே, அதில் எந்தெந்தத் தொடர்கள் வரும்?

2012 அக்டோபரில் ‘ஆரோ’ தொடங்கியபோது அது தனித் தொடர்தான். ஐந்து வருடம் ஒரு தீவில் சிக்கிக்கிடந்த பணக்கார வீட்டுப் பையன் ஆலிவர் குவீன் ஊர் திரும்பி, முகத்தை மறைத்துக்கொண்டு வில்லும் அம்புமாக ராத்திரியில் இறங்குகிறான். இரண்டாவது சீசனின் நடுவில் பாரி ஆலன் என்ற தடயவியல் இளைஞன் விருந்தாளியாக வந்தான். 2014 அக்டோபரில், மின்னல் வேகத்தில் ஓடும் ஹீரோவாக, அவனுக்கே ‘தி ஃப்ளாஷ்’ என்று தனித் தொடர் கிடைத்தது. குடும்பம் பெருகியது அங்கிருந்துதான். 2015-இல் ‘சூப்பர்கேர்ள்’ வந்தது. முதல் சீசன் சி.பி.எஸ். சேனலில் ஓடி, அப்புறம் சி.டபிள்யூ.வுக்கு மாறியது. 2016-இல் ‘லெஜெண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’, 2019-இல் ‘பேட்வுமன்’. 2018-இல் தொடங்கிய ‘பிளாக் லைட்னிங்’ தனி உலகமாக இருந்து பின்னால் சேர்ந்துகொண்டது. என்.பி.சி. சேனலில் 13 எபிசோடோடு நின்றுபோன ‘கான்ஸ்டன்டைன்’ தொடரின் நாயகன் மேட் ரையன், 2015-இல் அதே வேடத்தில் ‘ஆரோ’வுக்குள் வந்தார், பிறகு ‘லெஜெண்ட்ஸ்’ குழுவிலேயே தங்கிவிட்டார். ஒரு சேனல் கைவிட்ட பாத்திரத்தை இன்னொரு சேனல் எடுத்து வளர்த்ததை இன்றும் நான் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

‘ஆரோ’ 170 எபிசோட், ‘ஃப்ளாஷ்’ 184, ‘சூப்பர்கேர்ள்’ 126, ‘லெஜெண்ட்ஸ்’ 110. இந்த நான்குமே 590 ஆகிறது. எபிசோடுக்கு 42 நிமிடம் என்று வைத்தால் 400 மணி நேரத்துக்கு மேல். முழுவதும் பாருங்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ‘ஆரோ’ முதல் இரண்டு சீசன், அடுத்து ‘ஃப்ளாஷ்’ முதல் சீசன். இந்த 69 எபிசோட் போதும். அதற்குள் உங்களுக்கு இருட்டும் அடிதடியும் பிடிக்கிறதா, வெளிச்சமும் வேகமும் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடித்த பக்கம் போங்கள்.

கிராஸ்ஓவர் வரும்போது குழம்புகிறது. எந்த வரிசையில் பார்ப்பது?

ஒரே கதை பல தொடர்களில் தொடர்ந்து ஓடுவதுதான் கிராஸ்ஓவர். 2014-லும் 2015-லும் எளிது: இரண்டு வருடமும் ‘ஃப்ளாஷ்’ எட்டாவது எபிசோட், அடுத்து ‘ஆரோ’ எட்டாவது எபிசோட். 2016-இல் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் கதைக்கு ‘ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘லெஜெண்ட்ஸ்’. (இதில் ‘ஆரோ’ பகுதி அந்தத் தொடரின் 100-ஆவது எபிசோடும்கூட. இறந்துபோன பெற்றோர் உயிரோடு இருக்கும் ஒரு கனவுக்குள் ஆலிவரை அடைத்துவைத்து, முதல் எபிசோடிலிருந்து அவன் இழந்ததையெல்லாம் ஒருமுறை கண்ணில் காட்டுகிறார்கள்.) 2017-இல் ‘சூப்பர்கேர்ள்’, ‘ஆரோ’, ‘ஃப்ளாஷ்’, ‘லெஜெண்ட்ஸ்’. 2018-இல் ‘ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘சூப்பர்கேர்ள்’. 2019 டிசம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ ஐந்து பகுதி: ‘சூப்பர்கேர்ள்’, ‘பேட்வுமன்’, ‘ஃப்ளாஷ்’, ‘ஆரோ’, ‘லெஜெண்ட்ஸ்’.

ஒரு சீசனுக்கு எதற்கு 23 எபிசோட்? பாதி வெறும் நிரப்பல்தானே?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இவை ஒளிபரப்புச் சேனலுக்காக எடுக்கப்பட்டவை. அக்டோபரில் தொடங்கி மே மாதம் முடிய, நடுவில் டிசம்பர் இடைவேளை விட்டு, ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் வர வேண்டும். விளம்பரத்துக்காக எபிசோடை வெட்டி வெட்டி ஓட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் ஒரு சின்னத் திடுக்கிடல் இருக்கும். ஒரு எபிசோடின் படப்பிடிப்புக்கு எட்டு ஒன்பது நாட்கள்தான் கிடைக்கும். ஒன்று வான்கூவர் தெருக்களில் படமாகிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருப்பார்கள், முந்தையதற்கு கிராபிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்ததுதான் வாரத்துக்கு ஒரு வில்லன் என்ற முறை. அந்த வில்லன் சப்பையாக இருக்கலாம். ஆனால் அதே எபிசோடில் ஜோ வெஸ்ட் தன் வளர்ப்பு மகன் பாரியோடு காரில் உட்கார்ந்து பேசும் இரண்டு நிமிடம் இருக்கும். அப்படி இருபது வாரம் பார்த்த பிறகுதான் அந்த வீட்டு மனிதர்கள் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிறார்கள். எட்டு எபிசோடில் முடிகிற தொடருக்கு இந்த அவகாசம் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீளமான சீசனில் தொடர் தன்னைத்தானே கவனித்துத் திருத்திக்கொள்ள முடிகிறது. ‘ஆரோ’ மூன்றாவது எபிசோடில், குண்டு துளைத்த ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆலிவர் கம்பெனியின் கணினிப் பிரிவுக்குப் போவான். காபி கொட்டிவிட்டது என்று பொய் சொல்வான். வாயில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் ஃபெலிசிட்டி அவனையும் துளைகளையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஃபெலிசிட்டியாக நடித்த எமிலி பெட் ரிக்கர்ட்ஸ் அந்த ஒரு எபிசோடுக்காக மட்டும் அழைக்கப்பட்டவர். அந்தப் பார்வை பிடித்துப்போய் மீண்டும் கூப்பிட்டார்கள், இரண்டாவது சீசனில் முழுநேரப் பாத்திரமே ஆக்கினார்கள். எழுதி முடித்துப் பூட்டிவைத்த பத்து எபிசோட் கதையில் இது நடந்திருக்குமா?

அதனால் விமர்சனத்தில் ‘ஃபில்லர்’ என்ற ஒரு சொல்லோடு நான் நிறுத்துவதில்லை. என்ன வீணானது, எது நின்றது என்று பிரித்து எழுதுவேன்.

விமர்சனத்துக்காகப் பார்க்கும்போது எப்படிப் பார்க்கிறீர்கள்? குறிப்பு எடுப்பீர்களா?

முதல் முறை பேனாவைத் தொடுவதில்லை. முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்குள், நினைவில் தங்கிய மூன்று காட்சிகளை மட்டும் குறித்துக்கொள்வேன். மறுநாள் இரண்டாவது முறை, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். முதல் நாள் தங்கிய மூன்றும் ஏன் தங்கின என்று தேடுவதுதான் வேலை. பெரும்பாலும் காரணம் வசனமாக இருக்காது. வெட்டு விழுந்த இடம், ஒருவர் பதில் சொல்லாமல் விட்டது, பிளேக் நீலியின் இசை நின்ற நொடி, இப்படி ஏதாவது இருக்கும்.

கதைச் சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது. படிப்பவரும் அதே எபிசோடைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

காமிக்ஸ் படிக்காமல் விமர்சனம் எழுதலாமா?

தாராளமாக. சில சமயம் படிக்காதவருக்குத்தான் லாபம். ‘ஃப்ளாஷ்’ முதல் சீசனில் எடி தான் (Eddie Thawne) என்று ஒரு போலீஸ்காரர் வருவார். காமிக்ஸ் தெரிந்தவர்களுக்கு ‘தான்’ என்ற குடும்பப் பெயரே போதும், ஃப்ளாஷின் பரம எதிரி ரிவர்ஸ் ஃப்ளாஷ் இவர்தான் என்று முடிவு கட்டினார்கள். உண்மையான எதிரியோ, காமிக்ஸில் இல்லாத, தொடருக்கென்றே உருவாக்கிய ஹாரிசன் வெல்ஸ் என்ற முகத்துக்குப் பின்னால் இருந்தான். ‘ஆரோ’ ஐந்தாவது சீசனிலும் இதே உத்திதான். ஏட்ரியன் சேஸ் என்ற பெயர் காமிக்ஸில் விஜிலான்டி என்ற பாத்திரத்துக்கு உரியது. தொடரில் அவர்தான் வில்லன் புரொமிதியஸ். படித்தவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பது எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காமிக்ஸ் அறிவை விமர்சனத்தில் காட்டுவதென்றால் ஒரே சோதனை: அந்தத் தகவல் இல்லாமல் காட்சியின் பொருள் குறைகிறதா? குறையாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

நடிப்பைப் பற்றி எழுத வரவில்லை. ‘நன்றாக நடித்திருக்கிறார்’ என்பதைத் தாண்டி என்ன சொல்வது?

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, உடம்பு என்ன செய்தது என்று எழுதுங்கள். ‘ஃப்ளாஷ்’ முதல் சீசன் 15-ஆவது எபிசோடில் டாம் கேவனா நடித்த வெல்ஸ், தன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட, தன்னோடு வேலை செய்யும் இளைஞன் சிஸ்கோவைக் கொல்கிறார். அதுவரை சக்கர நாற்காலியில் இருந்தவர், எழுந்து நடந்து வருகிறார். குரல் உயரவில்லை. ஒரு மகன் இருந்தால் எப்படி இருக்கும் என்று உன்னால்தான் தெரிந்துகொண்டேன் என்கிற மாதிரி அன்பாகவே பேசிக்கொண்டு, கையை அதிரவைத்து அவன் நெஞ்சுக்குள் செலுத்துகிறார். அந்த அன்பு பொய்யில்லை என்று நமக்குப் புரிவதால்தான் பயம் வருகிறது. எதிரில் சிஸ்கோவாக நடித்த கார்லோஸ் வால்டெஸ் முதலில் அழவில்லை. நம்ப முடியாமல் பார்க்கிறார். அழுகை அப்புறம்தான் வருகிறது. இப்படி வரிசையாக எழுதினாலே நடிப்பைப் பற்றி எழுதியதாகிவிடும்.

சண்டைக் காட்சிகளுக்கும் இதேதான். ‘ஆரோ’வின் ஸ்டண்ட் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் பாம்ஃபோர்ட் நான்காவது சீசனிலிருந்து எபிசோடுகளை இயக்கவும் செய்தார்; கடைசி எபிசோடும் அவர் இயக்கியதுதான். அவர் இயக்கிய நாட்களில் கேமரா வெட்டாமல் எவ்வளவு நேரம் கூடவே ஓடுகிறது என்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கிராபிக்ஸ் மட்டமாக இருந்தால் அப்படியே எழுதலாம்தானே?

எழுதலாம். கூடவே அதை எப்படிச் சமாளித்தார்கள் என்றும் பாருங்கள். ‘ஃப்ளாஷ்’ முதல் எபிசோடிலேயே உடைந்த ஒரு கூண்டும் அதில் ‘கிராட்’ என்ற பெயர்ப் பலகையும் காட்டிவிட்டார்கள். பேசும் அந்தக் கொரில்லா முழுமையாக வந்தது 21-ஆவது எபிசோடில். அதுவும் பாதாளச் சாக்கடை இருட்டில், மூச்சும் உறுமலுமாக. காசில்லாத குறையை ஒரு பயமாக மாற்றியிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அதே கொரில்லா நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இயக்குநரின் முடிவு புரியும்.

ஒரு சீசனே மோசமாகிப் போனால் என்ன செய்வது? முன்னால் எழுதிய கருத்து மாறினால்?

‘ஆரோ’ நான்காவது சீசன்தான் எனக்கு இதைக் கற்றுத் தந்தது. முதல் எபிசோடின் முடிவில், சில மாதம் கழித்து ஆலிவர் ஒரு கல்லறை முன் நிற்பதாகக் காட்டி, யாருடையது என்று சொல்லாமல் விட்டார்கள். நான் அதைப் பெரிதாகப் பாராட்டி எழுதினேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் முகத்தையும் பயத்தோடு பார்த்தேன். 18-ஆவது எபிசோடில், முதல் சீசனிலிருந்தே வந்த நாயகிகளில் ஒருத்தியான லாரல் இறந்தாள். அந்தக் கல்லறையைப் படமாக்கியபோது அது யாருக்கு என்று எழுத்தாளர்களே முடிவு செய்திருக்கவில்லை என்பது பின்னால் வெளியே வந்தது. அப்போதுதான், அந்த மரணம் கதையிலிருந்து முளைக்காமல், காலியாக வைத்த இடத்தை நிரப்ப வந்ததுபோல எனக்கு ஏன் இருந்தது என்று விளங்கியது. பழைய விமர்சனத்தை அழிக்கவில்லை. அதன் கீழேயே தேதி போட்டு, என் எண்ணம் எப்படி, ஏன் மாறியது என்று எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாரா வாரம் எழுதுகிறவர் பாதி தெரிந்த கதையைப் பற்றித்தான் எழுதுகிறார். அந்த வாரத்து நம்பிக்கையும் ஒரு பதிவுதான், அதை அழித்துவிட்டால் தொடர் நம்மிடம் என்ன செய்தது என்பதே காணாமல் போய்விடும்.

அதோடு நின்றிருந்தால் ஐந்தாவது சீசனை இழந்திருப்பேன். தீவில் கழித்த ஐந்து வருடத்தின் ப்ளாஷ்பேக் அந்த சீசனோடு முடிகிறது. கடைசி எபிசோடில், மீட்கப்பட்ட ஆலிவர் படகிலிருந்து வீட்டுக்குப் போன் செய்கிறான். அம்மா மொய்ரா எடுக்கிறாள். அவள் இரண்டாவது சீசனிலேயே, அவன் கண் முன்னாலேயே கொல்லப்பட்டவள். நமக்கு அது தெரியும், போனில் இருப்பவனுக்குத் தெரியாது. நூறு எபிசோடுக்கு மேல் கூடவே வந்தவருக்குத்தான் அந்த ‘அம்மா’ அப்படிக் கேட்கும்.

ஸ்பாய்லர் எவ்வளவு சொல்லலாம்?

அந்த வார விமர்சனத்தில் அந்த வார எபிசோட் வரை. படப்பிடிப்புத் தளத்திலிருந்து கசிந்த படம், அடுத்த வார முன்னோட்டம் இரண்டையும் வைத்து ஊகம் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மதிப்பெண் போட வேண்டுமா?

போடுவதில்லை. 23 எபிசோடுக்கும் எண் போட்டால், வாசிப்பவர் எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

தமிழில் எழுதும்போது இந்தச் சொற்களையெல்லாம் என்ன செய்வது?

பெயராக இருப்பதை அப்படியே விடுங்கள்: ஸ்பீட் ஃபோர்ஸ், எர்த்-2, ஃப்ளாஷ்பாயின்ட். விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். ‘எர்த்-2 என்பது இன்னொரு பூமி, அங்கேயும் இதே முகங்கள், வேறு வாழ்க்கை’ என்றால் யாருக்கும் புரியும். வலிந்து உருவாக்கிய ஒரு தமிழ்ச் சொல்லை அடுத்த பத்தியில் நாமே மறந்துவிடுவோம். ‘ப்ளாஷ்பேக்’, ‘வில்லன்’, ‘கிளைமாக்ஸ்’ எல்லாம் நம் சொற்களாகவே ஆகிவிட்டவை, தயங்க வேண்டாம். இன்னொரு விஷயம், மரியாதை. பாத்திரத்தை ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதுவேன், நடிகரை ‘அவர்’ என்று எழுதுவேன். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்போது யாரைச் சொல்கிறோம் என்பது இதனாலேயே தெளிவாகிவிடும். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை.

‘கிரைசிஸ்’ அவ்வளவு கொண்டாடும்படி என்ன இருக்கிறது? கதை குழப்பமாகத்தானே இருந்தது?

குழப்பம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தொடர் கொடுத்த வாக்கை ஐந்து வருடம் சுமந்து வந்து நிறைவேற்றியதை வேறு எங்கே பார்ப்பது? 2014-இல் ‘ஃப்ளாஷ்’ முதல் எபிசோடின் கடைசியில், 2024 ஏப்ரல் தேதியிட்ட எதிர்காலச் செய்தித்தாள் ஒன்று தெரியும்: நெருக்கடியில் (அதாவது ‘கிரைசிஸ்’ஸில்) ஃப்ளாஷ் மறைந்தான் என்று தலைப்பு. 1985-86-இல் இதே பெயரில் வந்த 12 இதழ் காமிக்ஸில் பாரி ஆலன் இறந்துபோகிறான் என்பதால், இங்கேயும் அதுதான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். ஐந்தாவது சீசன் முடிவில் அந்தத் தேதி 2019 டிசம்பர் 10 என்று மாறியது. அதே டிசம்பர் 10 இரவு, மூன்றாம் பகுதியில், ஒரு ஃப்ளாஷ் ஓடி ஓடி உயிர்விட்டான். ஆனால் அவன் நம் பாரி இல்லை. 1990-91-இல் சி.பி.எஸ். தொடரில் ஃப்ளாஷாக நடித்த ஜான் வெஸ்லி ஷிப், அதே பழைய வேடத்தில் வந்து அந்த ஓட்டத்தை ஓடினார். அவர் ஓடும்போது 1990 தொடரிலிருந்தே ஒரு காட்சித் துண்டைக் காட்டினார்கள். ஒரே சீசனோடு நின்றுபோன தொடருக்கு ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து ஒரு முடிவு கிடைத்தது. காமிக்ஸை எழுதிய மார்வ் வுல்ஃப்மன் நான்காம் பகுதியின் திரைக்கதையிலும் சேர்ந்து எழுதினார்.

‘லெஜெண்ட்ஸ்’ பாதியில் நின்றுவிட்டதே, இப்போது பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. 2022 மார்ச்சில் குழுவே கைதாவதோடு ஏழாவது சீசன் முடிந்தது, அடுத்த மாதம் தொடர் ரத்தானது. வலிக்கத்தான் செய்யும். ஆனால் முதல் சீசனில் இறுக்கமாக இருந்த தொடர், மூன்றாவது சீசன் முடிவில் பீபோ என்ற நீல நிறப் பஞ்சுப் பொம்மையை ராட்சத உருவத்தில் ஒரு பிசாசோடு சண்டை போட விட்டது. அந்தத் துணிச்சலுக்காகவே பார்க்கலாம். முதல் சீசனைத் தாண்டிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை.

விமர்சனம் எழுதிப் பழக ஒரே ஒரு எபிசோட் சொல்லுங்கள்.

‘ஃப்ளாஷ்’ இரண்டாவது சீசன், 21-ஆவது எபிசோட், ‘தி ரன்அவே டைனோசர்’. 2016 மே மாதம் வந்தது, கெவின் ஸ்மித் இயக்கியது. ஆனால் அதைத் தனியாகப் பார்க்காதீர்கள். முதலில், முதல் சீசனின் கடைசி எபிசோட். பாரி காலத்தில் பின்னோக்கி ஓடி, அம்மா கொலையாகும் இரவுக்குப் போகிறான். காப்பாற்றத்தான் போனான். எதிரே சண்டையிடும் எதிர்கால பாரி அவனைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையசைக்கிறான். பாரி கதவிடுக்கில் நின்று அழுகிறான், அப்புறம் உள்ளே போய் முகமூடியைக் கழற்றி அம்மாவிடம் விடைபெறுகிறான்.

அடுத்து இந்த 21-ஆவது எபிசோட். பாரிக்கு வேகத்தைத் தரும் சக்தியான ஸ்பீட் ஃபோர்ஸ் அம்மாவின் உருவில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்கிறது. சின்ன வயதில் அவள் படித்துக்காட்டிய டைனோசர் கதையை இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். அவள் போய்விட்டாள் என்பதை அங்கேதான் அவன் ஏற்றுக்கொள்கிறான்.

பிறகு 22, 23. நடுவில் அப்பாவும் கொல்லப்படுகிறார். 23-ஆவது எபிசோட் முடிவில் பாரி மறுபடியும் அதே இரவுக்கு ஓடுகிறான், இந்த முறை அம்மாவைக் காப்பாற்றிவிடுகிறான். கதவிடுக்கில் போன வருடத்து பாரி நின்றுகொண்டிருக்கிறான். இவனைப் பார்த்தபடியே மங்கி மறைந்துபோகிறான்.

21-இல் ஏற்றுக்கொண்டவன் இரண்டே வாரத்தில் மனம் மாறியது எழுத்தாளர்களின் தவறா, அல்லது துக்கம் அப்படித்தான் திரும்பி வருமா? நான் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டு, கதவையும் பாரியின் முகத்தையும் மட்டும் கவனித்துவிட்டு எழுத உட்காருங்கள்.